ஆள் இல்லாத இலை

அரிசியில் கல்லைப் பொறுக்குகிறோமா, கல்லில் அரிசியைப் பொறுக்குகிறோமா என்று தெரியாத இந்த ரேஷன் நாட்களில், என் தகரப் பெட்டிக்குள் ஒரு முழு விருந்து இருக்கிறது. சோறு, சொதி, இஞ்சித் துவையல், அவியல், உருளைக்கிழங்குப் பொரியல், அப்பளம், போளி, போளியின் மேல் பால்பாயசம். எல்லாம் ஒரு கண்ணாடித் தகட்டில். பத்து வருஷத்துக்கு மேலாகியும் ஊசவில்லை, எறும்பு ஏறவில்லை. ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்த்தால் சோறு கறுப்பாகவும், போளி வெளுப்பாகவும், சுவர்மேல் உட்கார்ந்த காகம் பாலில் குளித்த மாதிரியும் தெரியும். தகடு அப்படித்தான். உலகத்தைத் தலைகீழாக நம்புகிற ஜாதி அது. என்னைப் போல.

அந்தப் போட்டோத் தகட்டை வைத்து நான் செய்த ஒரு காரியத்தில் என் அக்காளின் குடித்தனம் போய்விடப் பார்த்தது.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. பழவங்காடிக் கணபதி கோயிலுக்கு எதிர்வரிசையில், ஒரு மாடியில் இருந்த போட்டோ ஸ்டூடியோவில் வேலை. கீழே ஓயாமல் யாராவது வேண்டுதலுக்குத் தேங்காய் எறிந்து உடைத்துக்கொண்டிருப்பார்கள். நான் காமிராவின் மூடியைக் கழற்றி, அசையக் கூடாது, கண் சிமிட்டக் கூடாது என்று சொல்லி ஒன்று, இரண்டு எண்ணும்போது, மூன்றாவது எண்ணுக்குச் சரியாக ஒரு காய் வெடிக்கும். அந்தக் காலத்தில் இந்த ஊரில் படம் எடுத்துக்கொண்ட வக்கீல்கள், பேஷ்கார்கள், புதுமணத் தம்பதிகள் எல்லோரும் பேயைக் கண்டவர்கள் போல விழித்துக்கொண்டிருந்தால், அதற்கு நான் பொறுப்பல்ல. பிள்ளையாரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

அசையாமல் ஒத்துழைத்தவர்கள் செத்தவர்கள் மட்டும்தான். யார் வீட்டிலாவது மூச்சு நின்றதும் எங்களுக்கு ஆள் வரும். நாற்காலியில் சாய்த்துக் கட்டி, மாலை போட்டு, தெளிவாக ஒரு படம். அதை ஒட்டிக் கொடுப்பதற்கென்றே கறுப்புக் கரை போட்ட அட்டைகள் ஸ்டூடியோவில் அடுக்கடுக்காக இருந்தன. உயிருள்ளவர்களுக்கான பூப்போட்ட அட்டை அடிக்கடி தீர்ந்துவிடும். கறுப்பு அட்டை தீர்ந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு முகங்கள் அலுத்துப்போயின. பின்னால் சீலையில் வரைந்த பளிங்குப் படிக்கட்டு, முன்னால் ஏறவே தெரியாத ஒரு குடும்பம். இதை எத்தனை நாள் எடுப்பது? எங்கள் வீடு சாலைக் கடைத்தெருவில். முன்பக்கம் அப்பாவின் பலசரக்குக் கடை, பின்பக்கம் நாங்கள். காலையில் கதவைத் திறந்தால் வாழைக்குலைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, திருவிழா முடிந்து போதையில் கிடப்பவர்கள் போலக் கிடக்கும். வற்றல் மிளகாய்ச் சாக்கு வாய் திறந்து தும்மலைத் தெருவுக்குப் பங்கிடும். நேந்திரம் சீவல் எண்ணெயில் விழும் சத்தம் எனக்கு எந்தக் கச்சேரியையும்விட ஒழுங்காகப் பட்டது. இதையெல்லாம் விட்டுவிட்டு மீசையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மனசு பொறுக்காமல், பிளந்த பலாப்பழம் ஒன்றை ஸ்டூடியோ நாற்காலியில் உட்காரவைத்து எடுத்தேன். பின்னால் பளிங்குப் படிக்கட்டு. முதலாளி மலையாளி, எங்களிடம் தமிழ் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசுவார். படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"எடோ, இந்தச் சக்கைக்கு மூக்கு எவிடே, கண்ணு எவிடே? யாரோட பந்து இது?"

பந்து என்றால் உறவுக்காரன். என் உறவுதான் என்றேன். நல்ல மனிதர், வேலையைவிட்டு அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய காமிராவை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் அங்கே பைத்தியமாகிக்கொள் என்று அனுமதி கொடுத்தார்.

சாப்பாட்டைப் படம் எடுப்பது சாமானிய வேலையில்லை. அந்தத் தகடுகளுக்கு மஞ்சளும் சிவப்பும் ஆகாது, இரண்டையும் கறுப்பாக்கிவிடும். மிளகாய் தாளித்த எரிசேரி, தார் போட்ட ரோடு மாதிரி வரும். அவியல் மழையில் இடிந்த வீடு. புட்டு மட்டும் அழகாக வந்தது, ஆனால் சுண்ணாம்புத் தூணாக. அக்காள் ஒவ்வொரு படத்தையும் வாங்கிப் பார்த்து, தான் சமைத்ததில் எது இது என்று கண்டுபிடிக்க முடியாமல் திருப்பித் தருவாள்.

அக்காளைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும்.

அம்மா முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டதால் எங்கள் வீட்டில் மூன்றே பேர்: அப்பா, அக்காள், நான். அக்காளைப் பொன்முடியில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கிளார்க்குக்குக் கட்டிக்கொடுத்தோம். மேலே மூடுபனியில் இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ், அட்டைப் பூச்சி, வாரத்துக்கு ஒரு தபால் பை. கல்யாணமான இரண்டாவது வருஷ ஆடியில் அக்காள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆடி கழிந்ததும் அழைத்துப் போக அத்தான் இறங்கி வந்தார். மருமகனுக்குச் சொதி வைப்பது திருநெல்வேலிப் பக்கத்து எங்கள் ஜனங்களின் சட்டம். தேங்காய்ப் பாலை மூன்று முறை பிழிந்து, அக்காள் காலை முழுக்க அடுப்படியில் நின்று சொதி வைத்தாள். அத்தான் இரண்டாம் முறை வாங்கி ஊற்றிக்கொண்டு, எஸ்டேட் மெஸ்ஸில் சமையல்காரன் வைக்கிற சொதி இதைவிட இன்னும் கொஞ்சம் வாசமாக இருக்கும் என்றார். அவருக்கு அது பாராட்டில் சேர்த்தி. ஆண்கள் சிலருக்கு வாய் அப்படி அமைந்துவிடும்.

அக்காள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்போ அவன்கூடயே குடித்தனம் வச்சுக்கிடுங்க" என்றாள்.

அத்தான் கை கழுவினார். தனியாக லாரி ஏறினார். குடித்தனமும் வைத்துக்கொண்டார்.

பதினோரு மாதம். அவர் எழுதவில்லை, இவளும் எழுதவில்லை. யார் முதலில் எழுதுகிறார்களோ அவர்கள் தோற்றவர்கள். சாலையில் யாராவது கேட்டால், ஆடிக்கு வந்திருக்கிறாள் என்று அப்பா சொல்வார். புரட்டாசியில் கேட்டவர்களுக்கும் அதுதான் பதில், தையில் கேட்டவர்களுக்கும் அதுதான். பங்குனியில் ஜனங்கள் கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள். கேட்பதைவிட அது மோசம். அடுத்த ஆடி பிறந்தபோது அப்பாவிடம் அந்தப் பொய்யும் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. இந்த ஆடி முடியும்முன் அவர் வராவிட்டால், இனி அவள் வாழாமல் வந்தவள். தெரு அவளுக்கு அந்தப் பெயரை எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் காமிராவைத் தோளில் வைத்துக்கொண்டு நுழைந்தபோது அடுப்படியில் மூன்று தேங்காய் உடைந்து கிடந்தது. யார் வருகிறார்கள் என்று கேட்டேன். அக்காள் திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"ஏல, படம் கடுதாசி இல்லல்லா?"

இல்லை என்றேன்.

"எழுத்து ஒண்ணும் இருக்காதுல்லா அதுல?"

இருக்காது.

"அப்போ எடு. அவ்வொ எல போட்டு வைக்கேன். எடுத்து அனுப்பு. நான் ஒண்ணும் எழுதல கேட்டியா, நீ படம் எடுத்தே, நீ அனுப்பினே. எனக்குத் தெரியாது."

அவ்வொ என்றால் அத்தான். இதைவிட நல்ல வேலை என் வாழ்நாளில் எனக்கு யாரும் தந்ததில்லை. ஒரு வார்த்தை இல்லாமல் ஒரு இலையால் ஒரு மனிதனை மலையிலிருந்து இறக்க வேண்டும். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுப்படியில் வெளிச்சம் போதாது. இலையை நடுமுற்றத்துக்குக் கொண்டுவரச் சொன்னேன். ஆடி மழை ஒரு வீச்சு அடித்து ஓய்ந்து, மேகத்துக்குள்ளிருந்து ஈயம் பூசின மாதிரி ஒரு வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. மணை போட்டு, அதன் முன்னே இலை போட்டு, அக்காள் ஒவ்வொன்றாகப் பரிமாறினாள். சாப்பிடப் போகிறவனுக்குப் பரிமாறுகிற மாதிரியே குனிந்து, உப்பு, துவையல், பொரியல் என்று அதனதன் இடத்தில் வைத்தாள். மணையில் நான் உட்காரட்டுமா, ஆள் இருந்தால் படத்துக்கு உயிர் வரும் என்றேன்.

"அவ்வொ இடத்துல ஒருத்தரும் உக்காரப்பிடாது" என்றாள்.

சரி, காலி மணையே கதை சொல்லட்டும் என்று எனக்கும் தோன்றியது. அப்புறம் சோற்றில் ஆவி தெரியவில்லை என்பது என் குறை. சூடான சோறுதான், ஆனாலும் ஆவி காமிராவுக்கு முகம் காட்ட மாட்டேன் என்றது. நான் ஒரு பீடியைப் பற்றவைத்து, இலைக்குப் பின்னால் தரையோடு தரையாகப் படுத்து, புகையை இழுத்துச் சொதியின் மேல் மெல்ல ஊதினேன். அப்பா கடையிலிருந்து தண்ணீர் குடிக்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்காமலே திரும்பிப் போனார். எட்டு எண்ண வேண்டும். ஊதிவிட்டு ஓடிவந்து மூடியைக் கழற்றினேன். நாலு எண்ணும்போது முற்றத்துச் சுவரில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. விரட்ட அக்காள் கையை ஓங்கினாள். நான் கண்ணாலேயே தடுத்தேன். அந்த மூலை வெறிச்சென்று கிடந்தது. காகம் அதைப் பார்த்துத்தான் வந்திருக்க வேண்டும். ஏழு, எட்டு. மூடினேன். இவ்வளவு அழகான ஒன்றை நான் எடுத்ததே இல்லை என்று நினைத்தேன். இப்போதும் அதுதான் என் நினைப்பு, அதுதான் வேதனை.

மறுநாள் ஸ்டூடியோவில் கழுவினேன். ஆடி ஈரத்தில் தகடு காயவே இல்லை. மருந்து பூசிய பக்கம் பிசுபிசுவென்று வெல்லப் பாகு மாதிரி இருந்தது. அந்தப் பக்கத்தைக் காகிதத்தோடு சேர்த்துத்தான் வெயிலில் அச்சுப் போட வேண்டும். போட்டால் காகிதம் ஒட்டிக்கொள்ளும், படம் உரிந்துவிடும். எஸ்டேட் தபால் பையோ அன்று மத்தியானம் போகிறது. விட்டால் இன்னும் ஒரு வாரம். தகட்டைப் புரட்டி, கண்ணாடிப் பக்கத்தைக் காகிதத்தின் மேல் வைத்து அச்சுப் போட்டேன். அப்படிப் போட்டால் இடது வலதாகிவிடும் என்று எனக்குத் தெரியும். ஒரு முறை ஒரு சர்க்கிள் இன்ஸ்பெக்டரின் மருவை அப்படி மறு கன்னத்துக்கு மாற்றியிருக்கிறேன், அவரே கண்டுபிடிக்கவில்லை. சோற்றுக்கு ஏது இடது வலது என்று நினைத்துக்கொண்டேன். பிறந்த நாள் முதலாக வாழையிலையில் சாப்பிட்டு வளர்ந்தவன் நினைக்கிற நினைப்பா இது?

பூப்போட்ட அட்டை தீர்ந்திருந்தது. கறுப்புக் கரை அட்டையில் ஒட்டினேன். பார்க்க எடுப்பாகத்தான் இருந்தது. உறையில் போட்டு விலாசம் எழுதி, அக்காளுக்குக் காட்டாமலே தபாலில் சேர்த்தேன்.

ஐந்தாம் நாள் காலையில் ஸ்டூடியோ ஜன்னலில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். கிழக்கே கோட்டை வாசல் பக்கமிருந்து ஒரு தேயிலை லாரி வந்து நின்றது. அத்தான் இறங்கினார். என் நெஞ்சு பூரித்துப்போயிற்று. ஒரே ஒரு படம், ஒரு எழுத்து இல்லை, ஆளை இறக்கிவிட்டேன் பார் என்று படிக்கட்டில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன்.

கிட்டப் போனதும் கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. அத்தான் சட்டை போடவில்லை. துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். எங்கேயோ வழியில் ஆற்றில் முழுகியிருந்தார், தலை சொட்டிக்கொண்டிருந்தது. கக்கத்தில் காகிதம் சுற்றிய புது வேட்டி ஒன்று. வாங்க என்றேன். அவர் இரண்டு கையையும் நீட்டி என் கையைப் பற்றி அழுத்தினார். கண் கலங்கியிருந்தது. படம் அவ்வளவு நன்றாக இருந்ததா என்று நினைத்து, நான் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பயம் வந்தது. துக்கத்தில் பையனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தாராம், பிற்பாடு சொன்னார்.

அவர் முன்னே நடந்தார், நான் பின்னே. சாலைக்குள் நுழைந்தோம். சாலையில் ஒரு வழக்கம் உண்டு. கடைக்காரர் வீட்டில் சாவு என்றால் தெருவில் மற்ற கடைக்காரர்கள் முன்பலகையில் பாதியை எடுத்து மூடுவார்கள். வியாபாரத்தை நிறுத்த வேண்டாம், மரியாதையும் போக வேண்டாம். எங்கள் ஜனங்கள் கண்டுபிடித்த சௌகரியமான துக்கம் அது. ஈரத்தலையும் கோடித் துணியுமாக ஒரு மருமகன் தெருவில் நடந்து வந்தால் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. புகையிலைக் கடைக்காரர்தான் முதலில் எழுந்து நின்று, யாரு என்று சைகையால் கேட்டார். அத்தான் தலையை மட்டும் ஆட்டினார். அவருக்கே தெரியாதே! புகையிலைக் கடையில் பலகை விழுந்தது. அதைப் பார்த்து வெல்லக் கடை. வெல்லக் கடையைப் பார்த்துக் கயிற்றுக் கடை. எங்களுக்கு முன்னாலேயே தெரு நெடுகப் பலகைச் சத்தம் தடதடவென்று ஓடிப்போயிற்று.

அந்தச் சத்தம் வந்து சேர்ந்தபோது அப்பா கடையில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தார். எதிர்வரிசை அரிசிக் கடையில் பலகை விழுந்தது. யாரோ நம்மில் ஒருத்தர் போய்விட்டார், யாராக இருந்தாலும் செய்ய வேண்டியதைச் செய்வோம் என்று, வெற்றிலையை மடித்து வைத்துவிட்டு எழுந்து, தன் கடைப் பலகையிலும் இரண்டை எடுத்து மூடினார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். தன் சாவுக்கு இவ்வளவு மரியாதையோடு நின்ற மனிதரை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

அத்தான் வாசலுக்கு வந்தார். அப்பாவைப் பார்த்தார்.

"வாங்க மாப்பிளை" என்றார் அப்பா, குரலைத் தாழ்த்தி. "யாரு போயிட்டா?"

அத்தான் கோடித் துணியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மூடிய பலகையைப் பார்த்தார். பிறகு சாலையின் ஆடிச் சேற்றில், வாழைத் தண்டும் சாக்குத் துணுக்கும் கிடந்த இடத்தில், அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ அவளா?" என்றார்.

அந்தக் குரலை என்னால் எந்தத் தகட்டிலும் பிடிக்க முடியாது. அப்போதுதான் என் மண்டையில் ஏதோ உறைத்தது. முழுக்க இல்லை, ஒரு ஓரமாக.

சத்தம் கேட்டு அக்காள் உள்ளேயிருந்து கடை வழியாக வந்தாள். கையில் முறம், உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவள். தெருவே பாதி மூடி நிற்கிறது, நடுவில் பதினோரு மாதமாக வராத புருஷன் சேற்றில் உட்கார்ந்திருக்கிறார். அத்தான் அவளை மேலிருந்து கீழாக இரண்டு முறை பார்த்தார். பிறகு இடுப்பு மடியிலிருந்து நனைந்துபோன அட்டையை எடுத்து நீட்டினார்.

அக்காள் வாங்கினாள். கறுப்புக் கரை. சாம்பிராணி போட்ட மாதிரிப் புகை. சுவரில் காகம், கால் இரண்டும் தெளிவாக, உடம்பு மட்டும் கலங்கி. மணையில் ஆள் இல்லை. அட்டையை இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள், நேராகப் பிடித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏல. எலையோட நுனி எந்தப் பக்கம் கெடக்கு?"

பார்த்தேன். வலது பக்கம். சாப்பிடுகிறவனுக்கு இடது கைப் பக்கம் இருக்க வேண்டிய நுனி வலது கைப் பக்கம். எங்கள் வழக்கத்தில் இலையை அப்படித் திருப்பிப் போடுவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். ஆள் உட்காராத மணை, திருப்பிப் போட்ட இலை, புகை, காகம். பதினோரு மாதத்தில் முதல் தடவையாக மாமனார் வீட்டிலிருந்து வந்த சேதி, செத்தவர்களுக்குப் போட்ட படையல்.

தகடு ஈரம், மருந்து ஒட்டிக்கொள்ளும், அதனால் புரட்டினேன் என்று ஏதோ விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்த அரிசிக் கடைக்காரருக்கு ஒரே கவலைதான்: சாவு இல்லாமல் மூடிய பலகையைத் திறப்பது எப்படி? கூடிநின்று யோசித்தார்கள். குளிக்காமல் திறந்தால் தோஷம் என்றது ஒரு கட்சி. செத்ததாகக் கருதப்பட்டவர் என்ற முறையில் அப்பாவிடமே தீர்ப்பு கேட்டார்கள். எல்லோரும் கால் கழுவினால் போதும், மழைத் தண்ணீரே ஆகும் என்றார் அப்பா. தெருவே வரிசையாக வாசல் கூரைத் தண்ணீரில் காலை நீட்டிவிட்டுப் பலகையைத் திறந்தது. கோடித் துணியை அப்பா வாங்கி விரித்துப் பார்த்து, நூல் நல்ல நூல் என்று உள்ளே எடுத்து வைத்துக்கொண்டார். இருபது வருஷமாவது உழைக்கும் என்றார், யாருக்கு என்று சொல்லாமல்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. சாவு பொய்யாகிவிட்டது, சண்டை அப்படியே இருந்தது. அத்தான் கால் கழுவி, முற்றத்து ஓரம் வந்து நின்றார். அக்காள் முறத்தை எடுத்துக்கொண்டு மறுபடி உளுந்தைப் புடைக்க உட்கார்ந்தாள்.

"உசுரோடதான் இருக்கேன். பாத்தாச்சுல்லா? லாரி போறதுக்குள்ள கெளம்புங்க."

அப்பா கடைக்குப் போய்விட்டார். நான் போயிருக்க வேண்டும், போகவில்லை. காமிரா சுமப்பவனுக்கு வெட்கம் கொஞ்சம் குறைவு.

அத்தான் உளுந்து விழுவதையே பார்த்தபடி, யாரிடமோ கணக்கு ஒப்பிக்கிற மாதிரி மெல்லப் பேச ஆரம்பித்தார். படம் வந்ததும் யாரென்றுதான் யோசித்தாராம். மைத்துனன் இல்லை, படம் எடுத்தவனே அவன். அப்படியானால் மாமா, இல்லாவிட்டால் அவள். இலையைப் பார்த்தாராம். செத்தவர்களுக்குப் பிடித்ததைத்தானே வைப்பார்கள். சொதி இருக்கிறது, மாமாவுக்குத் தேங்காய்ப் பால் பித்தம், தொடமாட்டார். ஆனாலும் மாமாவாகத்தான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வந்தாராம். இதைக் கேட்டு அப்பா கடையிலிருந்து ஒரு கனைப்புக் கனைத்தார்.

"அப்புறம் உனக்குச் சொதி பிடிக்குமான்னு யோசிச்சேன். போளி பிடிக்குமான்னு யோசிச்சேன். ஒவ்வொரு வளைவுலயும் லாரி திரும்புது, நானும் யோசிக்கேன். உனக்கு என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரியல ஏட்டி. ரெண்டு வருசம் உன் கையால சாப்பிட்டேன். ஒண்ணுகூடத் தெரியல."

முறம் நின்றது. உளுந்தும் நின்றது. சுவரில் ஒரு காகம் வந்து உட்கார்ந்து, எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு, இங்கே தனக்கு ஒன்றுமில்லை என்று கிளம்பிப் போயிற்று.

"தோசை" என்றாள் அக்காள், உளுந்தைப் பார்த்தபடி. "மொறுமொறுன்னு. அதுவும் வேற யாராவது சுட்டுத் தந்தா."

அத்தான் அடுப்படிக்குள் போனார். காலையில் மிஞ்சிய மாவு இருந்தது. முதல் தோசை கல்லோடு கல்யாணம் செய்துகொண்டது, பிரிக்க முடியவில்லை. இரண்டாவது, திருவிதாங்கூரின் வரைபடம். மூன்றாவது தீய்ந்து புகை முற்றம் வரைக்கும் வந்தது. நான்காவதை அவர் இலையில் வைத்துக் கொண்டுவந்தபோது அதற்கு ஒரு வடிவம் இருந்தது, ஓரத்தில் கொஞ்சம் முறுகலும் இருந்தது. இலையைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு, நுனியைப் பார்த்தார். இடது பக்கம்தான் இருந்தது. ஆனாலும் என் பக்கம் திரும்பி, சரியா என்று கண்ணால் கேட்டார்.

அக்காள் விண்டு வாயில் போட்டாள். மெஸ் சமையல்காரன் சொதியைப் பற்றி அப்போதுதான் கேட்டாள். அத்தான் முற்றத்துத் தூணைப் பார்த்தார். சமையல்காரனுக்குச் சொதி என்றால் என்னவென்றே தெரியாதாம். பதினோரு மாதமும் ரவை உப்புமாதானாம்; ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதில் கடுகு விழுமாம். பிறகு ஏன் அப்படிச் சொன்னார் என்று அவள் கேட்கவில்லை. அதைக் கேட்காமல் விட்டதுதான் அவள் கொடுத்த மன்னிப்பு என்று எனக்குப் பட்டது; நான் தப்பாகவும் புரிந்துகொண்டிருக்கலாம்.

ஞாயிறன்று கொண்டுவந்த பழைய காமிரா வீட்டிலேயே இருந்தது, அதில் ஒரு தகடு மிச்சமிருந்தது. நான் ஓசையில்லாமல் முக்காலியை விரித்தேன். அக்காள் பார்த்துவிட்டாள்.

"ஆளோட எடு" என்றாள்.

எட்டு எண்ணினேன். அவள் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. படத்தில் தோசை தெளிவாக விழுந்தது. கை மட்டும் இலைக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு வெள்ளைப் புகையாகக் கலைந்துபோயிருந்தது. முதலாளி பார்த்துவிட்டு, இது கெட்ட படம் என்றார். அதன்பின் நான் எடுத்த இலைகளில் எல்லாம் யாராவது ஒருவருடைய கை கலைந்து கிடக்கும். கல்யாணப் பந்தியிலும் சரி, சாலையில் சாக்கின்மேல் உட்கார்ந்து கஞ்சி குடிக்கும் சுமைகாரர்களிடமும் சரி. எல்லாம் கெட்ட படங்கள்தான்.

ஆடியில் பெண்ணை அனுப்ப மாட்டோம் என்று அப்பா கறாராக இருந்ததால் அத்தான் அன்று தனியாகத்தான் லாரி ஏறினார். அப்பாவின் ஆடிப் பொய் கடைசி நாட்களில் நிஜமாகி, அதற்கு ஒரு கௌரவம் வந்துவிட்டது. ஆவணி பிறந்த அன்று காலையில் திரும்பி வந்து அழைத்துப் போனார். சட்டை போட்டுக்கொண்டு வந்தார். தெருவில் எல்லோரும் பார்க்க, தலையைத் துவட்டி, சீவிக்கொண்டு.

தகட்டை நன்றாகக் காயவைத்து, நுனி இடது பக்கம் வருகிற மாதிரி ஒழுங்காக ஒரு பிரதி போட்டு, பூப்போட்ட அட்டையில் ஒட்டி, அக்காளிடம் கொடுத்தேன். வேண்டாம் என்றாள். அந்த நனைந்த கறுப்பு அட்டைதான் வேண்டும் என்று வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். பொன்முடிக்கு ஒருமுறை போனபோது பார்த்தேன், அடுப்படிச் சுவரில், அத்தான் சாப்பிட உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே தொங்குகிறது. புகையேறிக் காகம் இன்னும் கறுத்திருக்கிறது. சாம்பாரில் உப்பு என்று ஆரம்பித்து வாய் திறப்பாராம். கண் தானாக மேலே போகுமாம். உப்பு சரியாக இருக்கிறது என்று முடிப்பாராம்.